வலிப்புக்குக் குளிசை எடுப்பது விசுவாசக் குறைவா?

கேள்வி: கச்சான் தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். விசுவமடுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். நானும் தம்பி போகும் அதே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள். எங்கள் பாஸ்டர் ஐயாவின் ஜெபத்தால் எங்கள் வீட்டுக்குள் வந்த சமாதானத்தை மறக்கக்கூடியவள் அல்லள். ஆனால் என் தம்பியின் உயிர் பற்றிய பயம் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

2009 இல் போரின்போது மாத்தளனில் செல் விழுந்தபோது தம்பிக்கு 15 வயது. தலையின் இடப்பக்கத்தில் துண்டு ஏறியிருந்த அவனைச் செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினான். உள்ளே ஆழமாகப் போய்விட்ட ஒரு சிறு துண்டை மட்டும் எடுப்பது ஆபத்து என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள். செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்திலும், காணிக்குத் திரும்பிக் கொட்டில் போட்ட காலத்திலும் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. 2012 இல் ஒரு பின்னேரம், மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றவன் வாளியோடு சரிந்து விழுந்து இழுக்கத் தொடங்கினான். அன்று தொடங்கியது இந்த வலிப்பு. முதலில் கிழமைக்கு ஒன்று வந்தது. கிளினிக்கில் கார்பமசெபின் குளிசை காலையும் இரவும் கொடுக்கத் தொடங்கிய பிறகு குறைந்து குறைந்து, கடைசி நான்கைந்து ஆண்டுகளாக வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று என்ற அளவில் நின்றது. ஒவ்வொரு முறை வரும்போதும் சபைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம்.

மாசி மாதம் எங்கள் பகுதியில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் தம்பியின் தலையில் கை வைத்து ஜெபித்து, அவன் முற்றாகச் சுகமடைந்துவிட்டான் என்றும், இனிமேல் குளிசை எடுத்தால் கர்த்தர் செய்ததை அவனே மறுதலிப்பதாகும் என்றும் சொன்னார். மாற்கு 9 ஆம் அதிகாரத்தில் வரும் பையனின் கதையை வாசித்து, இது ஆவி, ஆஸ்பத்திரிக்கு அடங்காது என்றும் விளக்கினார். அடுத்த ஞாயிறு தம்பி சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னான். அவன் அவ்வளவு நிமிர்ந்து நின்று பேசியதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை, நானும் அழுதேன்.

அன்றிலிருந்து இன்றுவரை ஏழு கிழமைகள். பெரிய வலிப்பு வரவில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய வலது கைவிரல்கள் தானாகத் துடித்து, கோப்பை கீழே விழுந்து உடைந்தது. வாயின் வலது ஓரமும் சிறிது இழுத்தது. ஒரு நிமிடமும் ஆகியிராது. கேட்டதற்கு, சாத்தான் தன்னைச் சோதிக்கிறான் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அன்று அரிசி வாளிக்குள் கை விட்டபோது, கிளினிக்கில் கொடுத்த குளிசை உறைகள் உடைக்கப்படாமல் அடியில் கிடந்தன. எறியவும் மனமில்லாமல், எடுக்கவும் மனமில்லாமல் அங்கே வைத்திருக்கிறான் என்று விளங்கியது.

அவன் கச்சானுக்குத் தண்ணீர் இறைக்கும் கிணற்றுக்குக் கட்டு இல்லை. மோட்டார் சைக்கிளும் ஓடுகிறான். நான் கேட்பது இதுதான்: குளிசை எடுப்பது உண்மையில் விசுவாசக் குறைவா? அவனுடைய விசுவாசத்தை உடைக்காமல் அவனோடு எப்படிப் பேசுவது? வைத்தியம் தெரிந்தவர்களும் வேதம் தெரிந்தவர்களும் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதி, வவுனியா

தங்கச்சி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், வேத விளக்கத்தைத் தெரிந்தவர்கள் பிறகு சொல்லட்டும்.

அந்தக் கோப்பை விழுந்ததைச் சிறியது என்று விடாதீர்கள். இடது பக்க மூளைதான் உடலின் வலது பக்கத்தை ஆள்கிறது. தம்பிக்குக் காயம் இடப்பக்கத்தில். துடித்தது வலது கையும் வலது வாயோரமும். பழைய காயத்தின் தழும்பு இருக்கும் இடத்திலிருந்து புறப்படும் வலிப்பு இப்படித்தான் ஒரு பக்கத்துக் கையிலோ முகத்திலோ தொடங்கும். அது அங்கேயே நின்றும் விடலாம், மூளை முழுவதும் பரவி ஆளை விழுத்தியும் விடலாம். செவ்வாய்க்கிழமை நடந்ததும் ஒரு வலிப்புத்தான் என்றே நான் நினைக்கிறேன். கலண்டரில் அந்த நாளுக்கும் ஒரு புள்ளி வையுங்கள்.

இரண்டாவது, ஏழு கிழமைகள் ஒன்றும் வராததைக் குணமடைந்ததற்கு அத்தாட்சியாக எடுக்க முடியாது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வலிப்பு வந்த ஒருவருக்கு, குளிசை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நான்கு மாதங்கள் சும்மா கடந்து போகலாம். இதை நான் விசுவாசத்துக்கு எதிராகச் சொல்லவில்லை. உங்கள் கலண்டரின் பழைய பக்கங்களைத் தம்பியோடு இருந்து புரட்டுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஏழு கிழமைக்கு மேற்பட்ட இடைவெளிகள் எத்தனை என்பதை அவரே எண்ணட்டும்.

காயம் பட்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வலிப்பு தொடங்கியதை ஆவி என்று சொல்வதற்கு இடமாக எடுப்பவர்கள் உண்டு. தலைக்குள் ஏறிய காயங்களின் இயல்பே அது. வியட்நாம் போரில் தலையில் ஊடுருவிய காயம் பட்ட அமெரிக்கப் படையினரை 15 ஆண்டுகள் அளவில் தொடர்ந்து பார்த்தபோது பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே முதல் வலிப்பு வந்தது. வன்னியில் செல் துண்டோடு வாழும் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். இதில் அவமானத்துக்கோ பாவத்துக்கோ இடமில்லை.

நாளைக்கே வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரிசி வாளிக்குள் இருக்கும் குளிசையை எடுத்துப் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். பல கிழமைகள் நின்ற பிறகு உடல் அந்த மருந்துக்குப் பழகியிருந்த நிலை மாறிவிடும். முழு அளவை ஒரேயடியாகப் போட்டால் தலைச்சுற்றும் தள்ளாட்டமும் வரலாம். எப்படித் தொடங்குவது என்று வைத்தியர் சொல்வார். கிளினிக் கொப்பியும் கலண்டரும் கையில் இருக்கட்டும். ஏழு கிழமைகள் எடுக்கவில்லை என்ற உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், எடுத்தும் வலிப்பு வந்தது என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே இரும்புத் துண்டு இருப்பதை முன்னரே சொல்ல வேண்டும். அது பெரிய காந்தம், துண்டை அசைக்கக்கூடியது, இப்படியானவர்களுக்குச் சி.ரி. ஸ்கான்தான் வழக்கம்.

வலிப்பு வந்தால் சரித்துப் படுக்க வையுங்கள், சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் திறப்புக் கொடுப்பதும் வாய்க்குள் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது ஒன்று நின்று தெளிவு வருமுன் அடுத்தது வந்தால், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். குளிசையைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு நிற்காத வலிப்பு வருவதை நான் வார்டில் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களில் எல்லோரும் வீடு திரும்பவில்லை. கிணற்றடிக்குத் தனியே போகவும் மோட்டார் சைக்கிள் ஓடவும் இப்போதைக்கு விட வேண்டாம்.

பதில் 2: கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரன்

அக்கா, நானும் சுகமளிக்கும் ஊழியத்தை விசுவாசிக்கிறவன். வைத்தியர்கள் கைவிரித்த ஒரு நோயிலிருந்து என் அம்மா எழும்பி நடந்ததை என் கண்ணால் கண்டேன். அதை எவர் என்ன சொன்னாலும் என்னால் மறுக்க முடியாது. யாத்திராகமம் 15 இல் தம்மைப் பரிகாரியான கர்த்தர் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆசா ராஜா தன் கால் நோயில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்று நாளாகமத்தில் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. இவற்றை இல்லாதவை போல விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு தலையில் காயத்தோடும் வலிப்போடும் இருந்த பிள்ளைகளை ஊர் எப்படிப் பார்த்தது என்று எங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், குடிக்கக் கொடுத்த கோப்பையைத் தனியே கழுவி வைப்பார்கள். அப்படியான ஒருவனைச் சகோதரன் என்று அழைத்து, தலையில் கை வைத்து, பெயர் சொல்லி ஜெபித்தது சபைதான். விடிய நான்கு மணிக்கு பஸ் பிடித்துப் போய், மதியம் வரை வாங்கில் இருந்து, இரண்டு நிமிடத்தில் குளிசை உறையோடு திரும்பி வருகிறவன் எதைத் தேடிச் சுகமளிக்கும் கூட்டக் கூடாரத்துக்கு வருகிறான் என்பதையும் வைத்தியம் தெரிந்தவர்கள் யோசிக்க வேண்டும். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியே வாங்கக் காசில்லாமல் எத்தனை பேர் குளிசை இல்லாமல் இருந்தார்கள். அப்போது எங்களுக்கு ஜெபம் மட்டும்தான் இருந்தது.

ஆனாலும் தாதி அம்மா எழுதியதை வாசித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வருகிறது, அதை மறைக்கவில்லை. விசுவாசத்தில் நடப்பது என்பதற்கும் கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது என்பதற்கும் எல்லை எங்கே இருக்கிறது? ஊழியத்தில் மூத்த யாராவது எழுதினால் நல்லது.

பதில் 3: பழைய போதகர், மல்லாவி

மகள், உங்கள் கடிதத்தையும் கிளிநொச்சித் தம்பி எழுதியதையும் இரண்டு முறை வாசித்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி ஜெபித்தவன் நான். இன்றும் யாராவது வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போவேன். ஆகவே ஜெபத்தை வெளியிலிருந்து பார்க்கிறவனாக நான் இதை எழுதவில்லை.

அந்த ஊழியக்காரர் வாசித்த மாற்கு 9 இலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் தம்பிக்கு அதைவிட ஆறுதலான அதிகாரம் வேதத்தில் வேறு இல்லை. தன் மகன் தீயிலும் தண்ணீரிலும் தள்ளப்படுகிறான் என்று அந்தத் தகப்பன் சொல்கிறான். கட்டில்லாத கிணற்றைப் பார்த்துப் பயப்படுகிற நீங்கள் அவனுடைய இடத்தில்தான் நிற்கிறீர்கள். இயேசு அவனிடம் விசுவாசத்தைக் கேட்டபோது அவன் என்ன சொன்னான்? விசுவாசிக்கிறேன் என்றான், அதே மூச்சில் தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி கண்ணீரோடு கேட்டான். பாதி விசுவாசம், பாதி பயம். அதற்காக ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. நோயாளியான பையனிடமோ எந்த விசுவாசமும் கேட்கப்படவே இல்லை. அவன் நிலத்தில் கிடந்து நுரை தள்ளினான். குளிசை எடுத்தால் சுகம் போய்விடும் என்று சொல்கிற போதனை, ஒரு மனிதனின் சுகத்தை அவனுடைய மனத்துக்குள் இருக்கும் உறுதியின் அளவில் தொங்கவிடுகிறது. மாற்கு எழுதிய கதையில் அப்படி ஒன்றும் இல்லை. யாக்கோபு 5 ஆம் அதிகாரத்திலும், நோயாளியை இரட்சிக்கும் விசுவாசமுள்ள ஜெபம் கூடிவந்து ஜெபிக்கிற மூப்பர்களுடையது. சுகம் வராவிட்டால் படுத்திருப்பவனைக் குற்றவாளியாக்குவதற்கு அந்த வசனத்தில் வழி இல்லை.

இன்னொன்று. அதே பையனைப் பற்றி மத்தேயு 17 இல் சொல்லப்படும்போது, எங்கள் பழைய தமிழ் வேதாகமம் சந்திரரோகி என்ற சொல்லைப் போடுகிறது. வலிப்பு நோய்க்கு அந்தக் காலத்துப் பெயர் அது. மத்தேயு 4:24 ஐ எடுத்துப் பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் வரிசையில் பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு, திமிர்வாதக்காரர் வேறாக எழுதப்பட்டிருக்கிறார்கள். எல்லா வலிப்பும் ஆவியே என்று மத்தேயு நினைத்திருந்தால் இரண்டாவது சொல்லுக்குத் தேவையே இருந்திராது. தலையில் செல் துண்டு இருப்பது ஸ்கான் படத்தில் தெரிகிற ஒரு பிள்ளையிடம் உனக்குள் ஆவி இருக்கிறது என்று சொல்வது, மகள், அவன் மேல் இரண்டாவது காயத்தை ஏற்படுத்துவதாகும். இதை நான் மனவருத்தத்தோடு எழுதுகிறேன்; இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள்.

கிளிநொச்சித் தம்பி கேட்டதற்கு வருகிறேன். ஆசாவின் குற்றம் பரிகாரியிடம் போனதல்ல, கர்த்தரைத் தேடாததே. அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசித்தால், அவன் யுத்தத்திலும் இதையே செய்தான் என்பது தெரியும். சீரியா ராஜாவுக்குப் பொன்னையும் வெள்ளியையும் அனுப்பி அவனை நம்பினான், கர்த்தரை மறந்தான். இதோடு எசேக்கியாவைச் சேர்த்து வாசியுங்கள். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 20 இல், உன்னைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் முதலில் வாக்குக் கொடுக்கிறார். வாக்குக் கிடைத்த பிறகுதான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார், அதைப் பிளவையின் மேல் போடுகிறார்கள், ராஜா பிழைக்கிறான். வாக்கை நம்பியவன் அந்த மருந்தை வேண்டாம் என்று தள்ளியிருந்தால் யாருக்குக் கீழ்ப்படியாதவனாயிருப்பான்? வயிற்றுக்காகச் சிறிது திராட்சரசம் குடிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார், உனக்கு விசுவாசம் போதவில்லை என்று எழுதவில்லை. துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததையும் அவர் மறைக்கவில்லை. எத்தனையோ பேரைச் சுகமாக்கிய கைகள் பவுலுடையவை.

எங்கள் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு சொந்தக் கதையும் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். சுவிசேஷம் சொல்லவென்றே வந்தவர். அவர் தமிழைப் படித்து, உடற்கூறு, சத்திர சிகிச்சை, மருத்துவச்சி வேலை ஆகியவற்றையெல்லாம் தமிழிலேயே புத்தகமாக்கி, தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழிலேயே வைத்தியர்களாக்கினார். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று தள்ளும் என்று அவர் எண்ணியிருந்தால் மானிப்பாய் ஆஸ்பத்திரியின் முதல் கல்லே வைக்கப்பட்டிராது. இன்னும் கிட்டிய காலத்துக்கு வந்தால், சுகமளிக்கும் கூடாரக் கூட்டங்களால் உலகப் புகழ் பெற்ற ஓரல் ரொபர்ட்ஸ் 1981 இல் அமெரிக்காவின் துல்சா நகரில் ஜெபத்தையும் வைத்தியத்தையும் இணைப்பதற்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்தார். பணச் சிக்கலால் அது 1989 இல் மூடப்பட்டது வேறு விடயம். கூடாரத்தில் ஆயிரக்கணக்கானோருக்குக் கை வைத்தவர், வைத்தியரின் கையும் கடவுளுடைய கருவியே என்று கண்டார்.

கடைசியாக, எல்லை எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் பத்துக் குஷ்டரோகிகளின் கதைதான். லூக்கா 17 இல் இயேசு அவர்களிடம், நீங்கள் போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்கிறார். ஏன் காண்பிக்க வேண்டும்? குஷ்டம் போய்விட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியனுடையது. லேவியராகமம் 14 ஐ வாசியுங்கள். ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து பார்க்கிறான். சுத்தம் என்று கண்ட பிறகும் அந்த மனிதன் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். எட்டாம் நாள்தான் பலி. தாமே சுகமாக்கியவர் அந்தப் பரிசோதனைக்குப் பயப்படவில்லை, தாமே அனுப்பி வைத்தார். இன்று வலிப்பு நின்றதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு யாருடையது? கிளினிக் வைத்தியருடையது. கர்த்தர் உங்கள் தம்பியைத் தொட்டிருந்தால், குளிசை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போவதால் அந்தத் தொடுதல் அழியப்போவதில்லை. இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் கடந்தால், வைத்தியரே குளிசையை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார். அந்த நாளில் அவன் சபைக்கு முன்னால் நின்று சொல்லும் சாட்சியை எவரும் அசைக்க முடியாது. அதுவரை அவன் சொன்ன சாட்சியைத் திரும்பப் பெறும்படி கேட்காதீர்கள். ஜெபித்தார்கள், மனதில் பயம் நீங்கியது என்பது உண்மையாக நடந்தது. அது அவனுடையதாகவே இருக்கட்டும்.

உங்கள் பாஸ்டரிடம் தம்பி இல்லாத நேரத்தில் போய் இதைச் சொல்லுங்கள். அவர் நல்ல மேய்ப்பர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது உங்களுடைய நூறு வார்த்தைகளுக்குச் சமம்.

பதில் 4: மடு வீதி

நான் கத்தோலிக்கன், சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். பிரான்சின் லூர்து நகரில் 1858 இல் மாதா காட்சி தந்ததாக நம்புகிறோம். அங்கே சுகமடைந்தோம் என்று இதுவரை ஆயிரக்கணக்கானோர் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை ஆராய்வதற்கு 1883 இலிருந்தே அங்கே வைத்தியர்களின் பணிமனை ஒன்று இருக்கிறது. திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை எழுபதை ஒட்டிய எண்ணிக்கைதான். நோய் முதலில் சரியாக அறியப்பட்டிருக்க வேண்டும், மருந்தால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும், சுகம் நிலைத்திருக்க வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும். போதகர் ஐயா சொன்ன ஆசாரியரின் வேலையை அங்கே வைத்தியர்கள் செய்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் மடுக் கோயில் மண் ஒரு சிறு துணியில் முடிந்து சாமித்தட்டில் இருக்கும். ஆவணித் திருவிழாவுக்குப் போனால் அம்மா கட்டாயம் எடுத்து வருவார், பாம்புக்கடிக்கு நல்லது என்ற நம்பிக்கை. வயலில் அப்பாவைப் புடையன் கடித்தபோது அம்மா அந்த மண்ணைக் கடிவாயில் பூசினார். பூசிக்கொண்டே, ட்ராக்டரை எடு என்று அண்ணாவைப் பார்த்துக் கத்தினார். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் உறைகிறதா என்று பார்த்தார்கள், உறையவில்லை, விஷமுறிவு ஊசி ஏற்றினார்கள். அப்பா பிழைத்தார். அம்மா அடுத்த ஆவணியில் நேர்த்திக்கடனையும் தீர்த்தார், அந்த வார்டுத் தாதிமாருக்குப் பனங்காய்ப் பணியாரமும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கேட்டவரின் பதில்: கச்சான் தோட்டம்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. நான் வாயெடுத்ததும் தம்பி எழும்பிப் போய்விட்டான். அதனால் முதலில் பாஸ்டர் ஐயாவிடம் போனேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தக் கூட்டத்தில் குளிசையை விடு என்று சொல்லப்பட்டபோதே தனக்கு மனம் உறுத்தியது என்றும், வந்த ஊழியக்காரருக்கு முன்னால் எதிர்த்துப் பேசுவது மரியாதை அல்ல என்று இருந்துவிட்டதாகவும் சொன்னார். தனக்கும் பிரஷர் குளிசை உண்டு, தினமும் எடுக்கிறேன், இதைச் சபையில் ஒருபோதும் சொன்னதில்லை என்றும் சொன்னார். அன்று பின்னேரம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, தன் குளிசைத் தட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தம்பிக்கு முன்னால் மேசையில் வைத்தார். தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாங்கள் மூவருமாகக் கலண்டரைப் புரட்டினோம். புள்ளிகளுக்கிடையில் நீண்ட இடைவெளி ஐந்து மாதமும் சில நாட்களும் என்று அவனே எண்ணிச் சொன்னான்.

வியாழக்கிழமை போனோம். பாஸ்டர் ஐயாவும் பஸ்ஸில் வந்தார். உண்மையை முழுவதும் சொன்னோம். வைத்தியர் ஏசுவார் என்று பயந்தேன், ஏசவில்லை. குறைந்த அளவில் தொடங்கி இரண்டு கிழமைக்குள் கூட்டும்படி எழுதித் தந்தார். துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பழைய சி.ரி. படத்தைத் தம்பிக்கே காட்டி விளக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் போய்வருகிறான், அந்தப் படத்தை அவன் அன்றுதான் முதன்முதலில் பார்த்தான். கிளிநொச்சி அண்ணா எழுதியது அதனால் எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. யாராவது முன்னரே இருத்தி வைத்து விளக்கியிருந்தால் ஆவி என்ற சொல்லுக்கு அவன் மனதில் இவ்வளவு இடம் கிடைத்திராது.

அவன் இன்னும் முழுதாக மனம் ஆறவில்லை. சபையில் சொன்ன சாட்சி பொய்யாகிவிட்டதா என்று இரவில் கேட்டான். போதகர் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லாமல் குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். மோட்டார் சைக்கிள் திறப்பை என்னிடம் தந்திருக்கிறான். கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதற்குக் கல்லும் சீமெந்தும் பார்க்க வேண்டும். சபை இளைஞர்கள் சனிக்கிழமை வந்து கட்டித் தருவதாகப் பாஸ்டர் ஐயா சொல்லியிருக்கிறார்.

பதில்: கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரன்

அக்கா, எங்கள் ஊரிலிருந்து விசுவமடு தூரமில்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், மேசன் வேலை எனக்குத் தெரியும். கட்டு மூன்றடி உயரமாவது இருக்கட்டும்.